மூன்றாவது கோடு

மருத்துவமனை விரிப்புகளை மடிக்கிற வேலை எனக்கு.
சுங்கை காடுட்டில், நீராவி மணக்கும் கூடம்.
இரண்டாய் மடித்து, மறுபடி இரண்டாய் மடித்து,
உதறிப் பிரித்தால் துணியின் நடுவே
ஒன்றையொன்று வெட்டும் இரண்டு தடங்கள் தெரியும்.
பதினோரு வருடமாய்ப் பார்க்கிறேன்.
அவை அச்சுகள் என்று தோன்றியது
போன செவ்வாய்க்கிழமைதான்.

சம்பளச் சீட்டில் மூன்றே எண்கள்:
வேலை மணி, ஓடி மணி, மொத்தம்.
மணிக்கு எவ்வளவு என்ற கட்டம் மட்டும் காலி.
கேட்டால், "எல்லாம் சிஸ்டம் கணக்கு, மேடம்"
என்கிறான் ஆபீஸ் பையன் டெரன்ஸ்.
மேடம் என்றாலே தெரிந்துவிடும்,
பதில் வராது.

சரி, தெரியாத இரண்டுக்கும் பேர் வைத்தேன்.
சாதா மணிக்கு x. ஓடி மணிக்கு y.
செக்கண்டரி த்ரீயோடு எழுந்துபோன கணக்கு
உட்லண்ட்ஸ் வீட்டுச் சமையல் மேசையில்
இரவு பதினொன்றுக்கு மறுபடி வந்து உட்கார்ந்தது.
மகனின் கிராஃப் தாளில் இரண்டைக் கிழித்துக்கொண்டேன்.
காலையில் தேடுவான். தேடட்டும்.

ஏப்ரல்: நூற்று எண்பது மணி, அறுபது ஓடி,
ஆயிரத்து இருநூற்று அறுபது வெள்ளி.
அறுபதால் வகுத்தேன், அழகாய்ச் சுருங்கியது:
3x + y = 21.
x நான்கென்றால் y ஒன்பது.
ஆறென்றால் மூன்று.
ஏழென்றால் y சுழியம்;
அறுபது மணி நேரம் சும்மா மடித்துக் கொடுத்தேன் என்று பொருள்.
புள்ளிகளை ஸ்கேல் வைத்துச் சேர்த்தேன்.

கோடு என்றால் ஏதோ பாதை என்று
பள்ளியில் நினைத்திருந்தேன். இல்லை.
ஒரே வாக்கியத்துக்குத் தலையாட்டும் புள்ளிகளெல்லாம்
வரிசையில் நிற்கின்றன, அவ்வளவுதான்.
அந்த வரிசையில்
கம்பெனி யோக்கியமாய் இருக்கும் புள்ளியும் ஒன்று உண்டு:
ஏறக்குறைய நாலு வெள்ளி அறுபத்தேழு காசு; ஏழு வெள்ளி.
அங்கே ஓடி சரியாய் ஒன்றரை மடங்கு.
ஒரு மாதச் சீட்டை மட்டும் நீட்டினால்
அந்தப் புள்ளியில் போய் நின்றுகொண்டு சிரிப்பார்கள்.

மார்ச்: 19x + 4y = 119.
இது இன்னும் செங்குத்தாய் இறங்கி
முதல் கோட்டை வெட்டியது.
x ஐந்து. y ஆறு.
ஏழரை இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.

உடனே கோபப்படவில்லை.
சாய்வு வேறான இரண்டு கோடுகள்
எங்கேனும் வெட்டியே தீரும்; அது சாட்சியாகாது.
ஒரு மாதம் யாரோ தப்பாய்த் தட்டியிருந்தாலும்
வேறெங்கோ ஒரு புள்ளி கிடைத்திருக்கும்,
அதையும் நான் நம்பியிருப்பேன்.

மே மாதச் சீட்டு
பிரிட்ஜ் காந்தத்தின் கீழ், மின்கட்டண பில்லுக்குப் பின்னால் இருந்தது.
40x + 9y = 254.
ஐந்தைப் போட்டேன். இருநூறு.
மிச்சம் ஐம்பத்து நான்கு.
ஒன்பதால் வகுக்கப்போன பென்சில் நின்றது.
வாய்ப்பாடு தெரியாதவளா நான்.

மூன்றாவது கோடும் அதே புள்ளிவழியே போனது,
தாமதமாய் வந்தவள்
யாரையும் கேட்காமல் தன் இருக்கைக்கு நடப்பதுபோல.
தவறென்றால் மாதத்துக்கு ஓரிடத்தில் விழும்.
இது விழவில்லை. இது குடியிருக்கிறது.

ஒன்றரை மடங்குக்கும் ஒரு கோடு போட்டேன்,
சிவப்புப் பேனாவில், தாளின் மூலையிலிருந்து.
ஐந்துக்கு நேரே அது ஏழரையில் ஏறிப் போகிறது.
கீழே என் மூன்று கோடுகளின் முடிச்சு.
இடையில் ஒன்றரை சென்டிமீட்டர்,
சின்னக் கட்டம் பதினைந்து.
மூன்று மாதத்து நூற்று நாற்பத்தைந்து ஓடி மணியால் பெருக்கினால்
இருநூற்றுப் பதினேழு வெள்ளி ஐம்பது காசு.
மகனுக்கு இரண்டு ஜோடி காலணி, மிச்சத்தில் மீன்.

மறுநாள் தேநீர் நேரத்தில் ஹமீதாவிடம் காட்டினேன்.
பார்த்தாள், பேசவில்லை.
கைப்பையைத் துழாவி, நான்காய் மடித்த
தன் சீட்டை எடுத்து வைத்தாள்.
"என்னுடையதையும் போடு" என்றாள் மலாயில்.
போட்டேன்.
அதற்குள் லீ ஹுவா லாக்கரைத் திறக்கப் போய்விட்டாள்,
அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.
பென்சில் மழுங்கியிருந்தது.
யாரிடமாவது துருவி இருக்கிறதா என்று கேட்டேன்.